1,60,000 கிலோமீட்டர் ஓடிய கம்பெனி கார்: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

மூன்றரை வயதுக் கார். உள்ளே உட்கார்ந்தால் புது வண்டி மாதிரியே இருக்கிறது, ஏசி ஜில்லென்று அடிக்கிறது, விலையும் அதே வயதுள்ள மற்ற கார்களைவிட நன்றாகவே குறைவு, ஆனால் சாவியைத் திருப்பினால் மீட்டரில் 1,60,000 கிலோமீட்டர் என்று வருகிறது. அந்த எண்ணைப் பார்த்ததும் சிலர் கதவைச் சாத்திவிட்டு நடையைக் கட்டிவிடுகிறார்கள், இன்னும் சிலர் விலையை மட்டும் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு பேருமே காரைப் பார்க்கவில்லை.

நான் இரண்டு விதத்திலும் அனுபவப்பட்டிருக்கிறேன். முதலில் வாங்கிய பழைய கார் 52,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. பள்ளிக்கும் கடைக்கும் தவிர எங்கும் போகாத குடும்ப வண்டி என்று பெருமையாகச் சொல்லி விற்றார்கள். வாங்கிப் பதினோரு மாதத்தில் கிளட்ச், அப்புறம் பிரேக் டிஸ்க், அப்புறம் ஆயில் குடிக்கும் இன்ஜின் என்று வரிசையாக வந்தது. இப்போது ஓட்டுவது ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் 1,48,000 ஓடிய கார். நான்கு வருடமாக வைத்திருக்கிறேன், 2,10,000-ஐத் தாண்டிவிட்டது, செலவு வைத்ததெல்லாம் வாங்கும்போதே நான் எழுதி வைத்திருந்த இடங்களில்தான். அதனால் சொல்கிறேன், நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அடுத்த 50,000 கிலோமீட்டரில் வரவேண்டிய பெரிய செலவுகளை அந்த நிறுவனம் செய்து முடித்துவிட்டதா, இல்லை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறதா? மற்றதெல்லாம் இதற்குப் பதில் தேடும் வழிதான்.

கிலோமீட்டரை மணிநேரமாக மாற்றிப் பாருங்கள்

ஒரு சின்னக் கணக்கு. நெடுஞ்சாலையில் சராசரி 80 கிலோமீட்டர் வேகத்தில் 1,60,000 ஓடிய காரின் இன்ஜின் மொத்தம் 2,000 மணிநேரம் ஓடியிருக்கிறது. நெரிசலில் சராசரி 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து 50,000 மட்டுமே ஓடிய கார்? 2,500 மணிநேரம். "குறைவாக ஓடிய" காரின் இன்ஜின்தான் அதிக நேரம் உழைத்திருக்கிறது, அதுவும் நின்று நின்று, சூடாகி ஆறி, மறுபடி சூடாகி.

இன்ஜின் அதிகம் தேய்வது ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்களில். ஆயில் இன்னும் தடிப்பாக இருக்கும், எல்லா மூலைக்கும் போய்ச் சேர நேரம் பிடிக்கும், குளிர்ந்த இன்ஜினுக்கு எரிபொருளும் கூடுதலாகப் போகும், அதில் கொஞ்சம் எரியாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலோடு கலக்கும். இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்திவிட்டால் ஆயிலில் சேர்ந்த ஈரம்கூட ஆவியாகாது. காலையில் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து 250 கிலோமீட்டர் போய் நிற்கும் காருக்கு இந்தத் தொந்தரவு ஒரு நாளைக்கு ஒரு முறைதான். கிளட்ச்சும் அப்படித்தான், நெடுஞ்சாலையில் ஐந்தாவது, ஆறாவது கியரில் மணிக்கணக்காகச் சும்மா இருக்கும் கிளட்ச், நெரிசலில் ஒரே மணிநேரத்தில் நூறு முறை மிதிபடும்.

இர்வ் கார்டன் என்ற அமெரிக்கர் 1966-இல் வாங்கிய வோல்வோ பி1800 காரை 2013-இல் 30 லட்சம் மைல் வரை கொண்டுபோனார், கிட்டத்தட்ட 48 லட்சம் கிலோமீட்டர். தினமும் நீண்ட தூரம் வேலைக்குப் போய்வந்த கார், ஆயில் மாற்றத்தை அவர் தள்ளிப்போட்டதே இல்லை. எல்லாக் காரும் அப்படி ஓடும் என்று சொல்லவில்லை. தூரம் மட்டுமே காரைக் கொல்வதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

ஆனால் தூரத்துக்கே நேராகத் தேயும் சாமான்களும் உண்டு, இதை மறந்துவிடக் கூடாது. வீல் பேரிங், ஷாக் அப்சார்பர், சஸ்பென்ஷன் புஷ்கள், டர்போ, இன்ஜெக்டர், இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட், இவற்றுக்கெல்லாம் நெடுஞ்சாலைக் கிலோமீட்டரும் கிலோமீட்டர்தான். "எல்லாம் ஹைவே கிலோமீட்டர் சார்" என்று விற்பவர் சொன்னால் இன்ஜினுக்கும் கிளட்ச்சுக்கும் ஆறுதல், ஷாக் அப்சார்பருக்கு இல்லை.

யார் கையில் இருந்த கார்?

கம்பெனி கார் என்றால் எல்லாம் ஒன்று அல்ல. ஒரே விற்பனைப் பிரதிநிதி மூன்று வருடம் வைத்திருந்த கார் வேறு, அலுவலக வாசலில் நின்று யார் கேட்டாலும் சாவி கொடுக்கப்பட்ட பொதுக் கார் வேறு. முதல் வகைக் காரில் ஓட்டியவருக்கு அதுதான் அன்றாட வீடு. ஒரு சத்தம் கேட்டால் அடுத்த நாளே புகார் செய்வார், ஏனென்றால் வண்டி நின்றால் அவருக்கு வேலை நிற்கும். இரண்டாம் வகையில் இருபது பேர் இருபது விதமாகக் கிளட்ச் மிதித்திருப்பார்கள், அந்தச் சத்தத்தை அடுத்தவர் சொல்லிக்கொள்ளட்டும் என்று ஒவ்வொருவரும் விட்டிருப்பார்கள். சர்வீஸ் இன்ஜினியர்கள் டிக்கி நிறைய கருவிகளை ஏற்றிக்கொண்டு போன கார் மூன்றாவது வகை, அதில் பின் சஸ்பென்ஷன் தொய்ந்திருக்கும், டிக்கியின் விளிம்பில் பெயின்ட் உரசியிருக்கும். கட்டுமான இடங்களுக்குப் போய்வந்த காரின் அடியில் குனிந்து பார்த்தாலே தெரியும்.

விற்பவரிடம் "நன்றாக ஓடுமா" என்று கேட்காதீர்கள், அதற்கு ஒரே பதில்தான் வரும். "யார் ஓட்டினார்கள், எத்தனை பேர், ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம், வேலைக்காக மட்டுமா, வீட்டுக்கும் கொண்டுபோனார்களா" என்று கேளுங்கள். முடிந்தால் ஓட்டியவரிடமே ஐந்து நிமிடம் பேசப் பாருங்கள். விற்று லாபம் பார்க்கப்போவது அவர் இல்லை, அதனால் பெரும்பாலும் உள்ளதைச் சொல்லிவிடுவார்.

வாய்ப்பேச்சை நம்பாமல் பார்க்க ஒரு வழி இருக்கிறது, இதை எனக்கு ஒரு மெக்கானிக் காட்டினார். பல கார்களில் மீட்டர் திரையில் இரண்டு டிரிப் கணக்கு இருக்கும். முதலாவதை எல்லோரும் அடிக்கடி பூஜ்யமாக்குவார்கள், இரண்டாவதைப் பலர் தொடுவதே இல்லை. அதைத் திறந்தால் சில ஆயிரம் கிலோமீட்டரின் சராசரி வேகம் அப்படியே நிற்கும். 60-க்கு மேல் இருந்தால் ஹைவே கதை உண்மை, 23 என்று இருந்தால் அந்தக் கார் நெரிசலில்தான் வாழ்ந்திருக்கிறது. பின் சீட்டையும் பாருங்கள். தனியாளாக நெடுந்தூரம் ஓட்டிய காரில் பின் சீட் கசங்காமல் இருக்கும், முன் கண்ணாடியிலும் பானெட்டின் முனையிலும் பொடிக்கற்கள் பட்ட புள்ளிகள் நிறைய இருக்கும். இந்தப் புள்ளிகளைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், சொன்ன கதைக்கு அவைதான் சாட்சி. 1,60,000 ஓடியது என்கிறார்கள், முன்பக்கம் பளிங்கு மாதிரி இருக்கிறது என்றால்தான் ஏன் பெயின்ட் அடித்தார்கள் என்று கேட்க வேண்டும்.

சர்வீஸ் காகிதங்களை வரிவரியாகப் படியுங்கள்

கம்பெனி காரின் உண்மையான பலம் இங்கேதான். பெரும்பாலும் லீஸ் ஒப்பந்தத்தில் ஓடும் கார்கள், ஒப்பந்தப்படி குறிப்பிட்ட இடைவெளியில் சர்வீஸ் செய்தாக வேண்டும், பில்லும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும். தனியாரிடம் வாங்கும்போது இவ்வளவு ஒழுங்கான காகிதம் கிடைப்பது அபூர்வம். அது இல்லாமல் "தொலைந்துவிட்டது" என்று ஒரு கம்பெனி சொன்னால், நான் அந்தக் காரை மேற்கொண்டு பார்க்கவே மாட்டேன். பில் இல்லாமல் எந்தக் கணக்குப் பிரிவும் பணம் கொடுக்காது, எனவே செய்த வேலைக்கு எங்காவது பில் இருந்தே ஆக வேண்டும்.

முத்திரை குத்திய புத்தகத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், பில்களைக் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும், அவற்றை வரிசையாக ஒரு தாளில் எழுதினால் காரின் வாழ்க்கை முழுவதும் கண்ணுக்குத் தெரியும். மாதம் நாலாயிரம் ஓடிக்கொண்டிருந்த கார் திடீரென்று ஒரு வருடம் மாதம் ஐந்நூறு ஓடியதாகக் காட்டினால் ஒன்று விபத்தில் கிடந்திருக்கும், அல்லது மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள். ஆயில் மாற்றிய இடைவெளியைப் பாருங்கள். தயாரிப்பாளர் சொன்ன உச்ச வரம்புவரை இழுத்திருந்தால்கூடப் பரவாயில்லை, அதைத் தாண்டிப் பத்தாயிரம் ஓடவிட்டிருந்தால் அந்த இன்ஜின் எனக்கு வேண்டாம்.

இன்னொன்று, பில்லில் "பார்க்கப்பட்டது" என்ற சொல்லுக்கும் "மாற்றப்பட்டது" என்ற சொல்லுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நான் பார்த்த ஒரு காரில் பிரேக், பெல்ட், கூலன்ட் எல்லாவற்றுக்கும் நேராக டிக் போட்டிருந்தது, விற்றவரும் "எல்லாம் செய்தாயிற்று" என்றார். கீழே சாமான் பட்டியலில் ஆயிலும் ஃபில்டரும் மட்டும்தான் இருந்தன. டிக் போட்டதெல்லாம் பார்த்தது மட்டுமே.

கடைசி ஆறு மாதத்தைத் தனியாகக் கவனியுங்கள். லீஸ் முடியப்போகிறது, கார் கையைவிட்டுப் போகப்போகிறது என்று தெரிந்தபின் யாரும் பெரிய செலவு செய்ய மாட்டார்கள். டயர் மாற்ற வேண்டியிருந்தால் இருப்பதிலேயே மலிவானதைப் போட்டிருப்பார்கள், அடுத்த பெரிய சர்வீஸுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் இருக்கும்போது விற்பனைக்கு வந்திருக்கும். விற்பனைக்கு வரும் நேரமே ஒரு தகவல்தான்.

அடுத்த 50,000 கிலோமீட்டருக்கான பட்டியல்

இதுதான் முக்கியமான வேலை, காரைப் பார்க்கப் போவதற்கு முன்னாலேயே வீட்டில் உட்கார்ந்து செய்யுங்கள். அந்த மாடலின் பராமரிப்பு அட்டவணையை எடுத்து, இப்போதுள்ள கிலோமீட்டரிலிருந்து அடுத்த 50,000 வரை என்னென்ன மாற்ற வேண்டும் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மெக்கானிக்கிடம் விலை கேட்டுப் பக்கத்தில் போடுங்கள்.

முதலில் டைமிங் பெல்ட்டா, செயினா என்று தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால் அதற்குக் கிலோமீட்டர் கணக்கும் உண்டு, வருடக் கணக்கும் உண்டு, எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. சில இன்ஜின்களுக்கு 60,000, சிலவற்றுக்கு 1,60,000 என்று மிகவும் மாறும், அதனால் பொதுவான எண் எதையும் நம்பாமல் அந்த இன்ஜினுக்கு உரியதைப் பாருங்கள். பல இன்ஜின்களில் ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும், காரின் விலையில் பெரும்பகுதி ஒரே நொடியில் போய்விடும். பெல்ட் மாற்றிய பில் கையில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, வாட்டர் பம்ப், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் சேர்த்து அந்தச் செலவை விலையில் கழியுங்கள். செயின் இருக்கும் இன்ஜினுக்கு இந்தக் கெடு இல்லை, ஆனால் செயினும் நீளும். ஆறிப்போன இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் கடகடவென்று உலோகச் சத்தம் வந்தால் அதைச் சந்தேகியுங்கள்.

டீசலாக இருந்தால் பட்டியல் நீளும். டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி, நீண்ட ஓட்டத்தில் சுமார் 600 டிகிரி சூட்டில் கரியை எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும், ஆனால் ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, அது கிலோமீட்டரோடு சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் அடைக்கும். அதோடு புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வு, இன்ஜெக்டர், டர்போ. மேனுவல் கியர் டீசல்களில் கிளட்ச்சோடு, இன்ஜின் அதிர்வை அடக்கும் டூயல் மாஸ் ஃப்ளைவீலும் மாற்ற வேண்டி வந்தால் பில் நன்றாகவே பெரியதாகும். இங்கே உங்கள் ஓட்டமும் முக்கியம். தினமும் நாலு கிலோமீட்டர் ஓட்டுகிறவர் ஹைவேயில் ஆரோக்கியமாக இருந்த டீசலை வாங்கினால், வடிகட்டி சுத்தமாகும் அளவுக்குச் சூடே ஏறாது. அந்தக் காரைக் கெடுக்கப்போவது பழைய 1,60,000 இல்லை, உங்கள் அடுத்த ஐயாயிரம். குறுகிய தூரம்தான் உங்கள் வாழ்க்கை என்றால் பெட்ரோலோ ஹைப்ரிடோ பாருங்கள்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் "ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்" என்று கையேட்டில் எழுதியிருந்தாலும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உலகம் முழுக்கப் பல கார் நிறுவனங்களுக்கு கியர்பாக்ஸ் செய்துகொடுக்கும் இசட்எஃப் நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக்குகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. 1,60,000 வரை ஒருமுறையும் மாற்றவில்லை என்றால் கியர் மாறும்போது உதைக்கிறதா, தயங்குகிறதா என்று கூடுதல் கவனத்தோடு ஓட்டிப் பாருங்கள்.

மின்சாரக் கார் என்றால் பட்டியல் சுருங்கிவிடும், பெரும்பாலும் பேட்டரி ஒன்றுதான் கேள்வி. புதுசில் எவ்வளவு சேமித்தது, இப்போது அதில் எத்தனை சதவீதம் மிச்சம் என்ற அளவீட்டை எழுத்தில் வாங்குங்கள். பல நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன, எது முந்துகிறதோ அது. வயது மூன்றே ஆனாலும் இவ்வளவு ஓடிய காருக்கு அந்த வாரண்டி முடிந்திருக்கலாம்.

மற்றபடி ஷாக் அப்சார்பர், புஷ், பிரேக் டிஸ்க், நாலு டயர், பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. தனித்தனியாகப் பார்த்தால் சின்னச் செலவு, ஒரே வருடத்தில் எல்லாம் வந்தால் சின்னதில்லை.

நேரில் பார்க்கப் போகும்போது

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலை பானெட் மேல் கையை வைப்பது. சூடாக இருந்தால் எதையோ மறைக்க முன்கூட்டியே ஓடவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம் இல்லாமலும் இருக்கலாம், ஆனாலும் நான் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுவேன். பழைய காரின் நோய் பாதிக்கு மேல் முதல் ஸ்டார்ட்டில்தான் வெளியே வரும்.

உதவிக்கு வந்தவரை சைலன்சர் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் இன்ஜின் ஆயிலை எரிக்கிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், இனிப்பு வாசனையோடு வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது. குளிர்ந்த காலையில் ஆரம்பத்தில் வரும் மெல்லிய வெள்ளைப் புகை வெறும் நீராவிதான், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள், வெளிர் பழுப்பு நிறத்தில் நுரை மாதிரி அப்பியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. குறுகிய ஓட்டத்தாலும் அது வரும், ஆனால் ஹைவே கார் என்று சொல்லப்பட்ட வண்டியில் இருந்தால் இரண்டில் ஒன்று பொய்: ஒன்று ஹைவே கதை, இல்லை ஹெட் கேஸ்கெட் (இன்ஜினுக்குள் கூலன்ட்டும் ஆயிலும் கலக்காமல் அடைக்கும் தகடு) ஆரோக்கியம்.

கதவைத் திறந்து ஓட்டுநர் சீட்டின் கதவுப் பக்க விளிம்பைத் தடவிப் பாருங்கள். ஒரு நாளைக்குப் பலமுறை ஏறி இறங்கினால் அந்த விளிம்பில் நுரைப்பஞ்சு அமுங்கி, துணியோ தோலோ பளபளத்துப் போயிருக்கும். ஸ்டியரிங்கின் மேல் பாதி, கியர் நாப், கிளட்ச் மிதியின் ரப்பர், இந்த மூன்றும் மீட்டர் சொல்லும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். மீட்டர் 70,000 என்கிறது, மிதியின் ரப்பர் வரி தேய்ந்து வழுவழு என்றிருக்கிறது என்றால் ரப்பரை நம்புங்கள். டயர் ஓரத்தில் நாலு இலக்க எண் இருக்கும், 2321 என்றால் 2021-இன் 23-ஆவது வாரம். மூன்று வருடத்தில் 40,000 மட்டுமே ஓடியதாகச் சொல்லும் காரில் நாலு டயரும் போன வருடத்தவை என்றால் பழைய டயர்கள் எங்கே போயின என்று கேட்கலாம்.

ஓட்டிப் பார்ப்பது குறைந்தது அரை மணிநேரம், அதில் ஒரு பகுதி வேகமான சாலையில். ரேடியோவை அணைத்துவிடுங்கள். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக வட்டமடித்தால் டக் டக் என்று கேட்டால் டிரைவ் ஷாஃப்ட் மூட்டு தேய்ந்திருக்கிறது. எண்பதில் போகும்போது ஊங்ங் என்று ஒரு முனகல், வளைவில் ஒரு பக்கம் சாயும்போது கூடி மறுபக்கம் குறைந்தால் வீல் பேரிங். நாலாவது கியரில் குறைந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரை நன்றாக மிதியுங்கள், இன்ஜின் சுற்று ஏறுகிறது, கார் அதற்கேற்ப ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. வேகத்தடை மேல் ஏறி இறங்கியதும் கார் ஒரே அசைவில் அடங்க வேண்டும், தொட்டில் மாதிரி ஆடக்கூடாது.

அப்புறம் ஸ்கேனர், காரின் கணினியில் பதிந்த பிழைகளைப் படிக்கும் கருவி. இது இல்லாமல் நான் இனிமேல் எந்தக் காரையும் வாங்க மாட்டேன். அதைச் சொருகும் ஓபிடி சாக்கெட் அமெரிக்காவில் 1996 முதலும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமானது, ஓட்டுநரின் முழங்கால் பக்கத்தில் டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும். ஒருமுறை மூன்று வயதுப் பொதுக் கார் ஒன்றைப் பார்க்கப் போனோம், எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை, ஓட்டமும் மிருதுவாக இருந்தது, எனக்கு மனதுக்குள் வாங்கியே ஆயிற்று. மெக்கானிக் ஸ்கேனரைச் சொருகி, பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்று பார்த்தபின்பும் திரையை விடவில்லை, இன்னும் இரண்டு பக்கம் தள்ளிப்போய் ஒரு வரியைக் காட்டினார்: குறியீடுகள் அழிக்கப்பட்டபின் ஓடிய தூரம், 14 கிலோமீட்டர். "தம்பி, நேற்று என்ன இருந்ததோ அதை இவர்கள் அழித்துவிட்டார்கள்" என்றார். கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் பட்டியலிலும் பாதி "முடியவில்லை" என்றே இருந்தது, அழித்தபின் போதுமான தூரம் ஓடாததால். ஏன் அழித்தீர்கள் என்று விற்பவரிடம் கேட்டோம், பேட்டரி மாற்றினோம் என்றார். பேட்டரியைக் கழற்றினாலும் அது அழியலாம்தான், ஆனால் பேட்டரி மேல் மூன்று வருடத் தூசு படிந்திருந்தது. வந்துவிட்டோம்.

கியர்பாக்ஸ், ஏபிஎஸ் மாதிரியான வேறு கணினிகளிலும், சில கார்களில் சாவியிலும்கூடக் கிலோமீட்டர் பதிந்திருக்கும். மீட்டரைத் திருத்துபவர்கள் எல்லா இடத்திலும் திருத்துவதில்லை, அந்த மாடலுக்கு உரிய ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கால் ஒப்பிட்டுச் சொல்ல முடியும். அவருக்குக் கொடுக்கும் கூலியைச் செலவு என்று நினைக்காதீர்கள். விற்பவர் சிபாரிசு செய்யும் மெக்கானிக் மட்டும் வேண்டாம்.

விலைக் கணக்கு

இப்போது பட்டியலுக்கு வாருங்கள். காரின் விலையோடு, செய்யப்படாத வேலைகளின் தொகையைக் கூட்டுங்கள். அதே மாடலில், அதே வயதில், பாதி கிலோமீட்டர் ஓடிய காரின் விலை என்ன என்று பார்த்து, அதற்கும் வரவேண்டிய வேலைகளைக் கூட்டுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக இல்லையென்றால் குறைவாக ஓடியதை எடுங்கள், ஏனென்றால் நீங்கள் திரும்ப விற்கும்போது வாங்குகிறவரும் மீட்டரைத்தான் முதலில் பார்ப்பார். நான் வைத்துக்கொள்ளும் அளவு, எல்லாம் கூட்டியபிறகும் கால்பங்காவது மலிவாக இருக்க வேண்டும். அதுபோக, வாங்கும் விலையில் ஏழில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்காக ஒதுக்கி வைக்க முடியவில்லை என்றால், இந்த வகைக் கார் உங்களுக்கு இப்போது சரிப்படாது. கடைசிக் காசு வரை கொடுத்து வாங்கியவர்கள்தான் முதல் ரிப்பேரில் உடைந்துபோகிறார்கள்.

எவ்வளவு நாள் வைத்திருக்கப்போகிறீர்கள் என்பதும் இதில் சேரும். ஒரு வருடத்தில் விற்றுவிடும் எண்ணம் இருந்தால் வாங்காதீர்கள். ஐந்து வருடம், வருடத்துக்கு 10,000 ஓட்டுவேன் என்றால் கணக்கு உங்கள் பக்கம் திரும்புகிறது: மதிப்பு வேகமாக விழும் முதல் சில வருடங்களின் நஷ்டத்தை நிறுவனம் ஏற்றுக்கொண்டுவிட்டது, எட்டரை வயதில் 2,10,000 ஓடிய கார் யாருக்கும் விசித்திரமாகத் தெரியாது.

நீங்களே ஓட்டிய கம்பெனி காரை நிறுவனம் உங்களுக்கே விற்க முன்வந்தால், மேலே சொன்னதில் பாதி வேலை மிச்சம். அதன் ஒவ்வொரு சத்தமும் உங்களுக்குத் தெரியும், எந்தப் பள்ளத்தில் இடித்தது என்பதுவரை. ஒரு நல்ல விலைக்கு வந்தால் நான் யோசிக்காமல் எடுப்பேன். ஆனால் பழகிய பாசத்தில் பட்டியலைப் போடாமல் விட்டுவிடாதீர்கள், இதுவரை அந்தப் பில்களை நீங்கள் கட்டவில்லை. சந்தை விலைக்குக் கீழே கொடுத்தால் சில நாடுகளில் அந்த வித்தியாசத்தை வருமானமாகக் கருதி வரி போடுவார்கள், கணக்குப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

காகித விஷயத்தில் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கம்பெனி ஓட்டினாலும் கார் வங்கியின் பேரிலோ லீஸ் நிறுவனத்தின் பேரிலோ இருக்கலாம். கடன் தீர்ந்ததற்கான எழுத்து கையில் வராமல் முன்பணம்கூட வேண்டாம். சேசிஸ் எண்ணை வைத்து, திரும்பப் பெற்றுச் சரிசெய்யச் சொன்ன குறைகள் ஏதும் நிலுவையில் இருக்கின்றனவா என்று தயாரிப்பாளரிடம் பார்க்கலாம், அந்த வேலை பொதுவாக இலவசம்.

வாங்கியாயிற்று என்றால்

முதல் வாரத்திலேயே இன்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர்கள், பிரேக் ஆயில் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள், விற்பனைக்கு வந்த கார்களில் அதிகம் தள்ளிப்போடப்பட்டிருப்பது இதுதான். பெல்ட்டுக்குப் பில் இல்லையென்றால் அதையும் அதே வாரத்தில், நெடும்பயணம் எதுவும் கிளம்பும் முன்.

கம்பெனி பொருத்திய ஜிபிஎஸ் கருவி டாஷ்போர்டுக்கு உள்ளே இன்னும் இருக்கலாம், அதைக் கழற்றச் சொல்லுங்கள், கழற்றிய வயர்களை ஒழுங்காக மூடினார்களா என்றும் பாருங்கள். நின்றிருக்கும்போது பேட்டரி மெல்ல இறங்கிப்போவதற்கு இப்படி விட்டுப்போன கருவி ஒரு காரணமாக இருக்கலாம். திரையில் பழைய போன்களின் பெயர்கள் இருந்தால் எல்லாவற்றையும் அழித்து, மொபைல் செயலி வழியாக காரைத் திறக்கும் வசதி இருந்தால் பழைய கணக்கை நீக்கச் சொல்லுங்கள். இரண்டாவது சாவியை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள், பொதுக் கார்களில் அது எப்போதும் யாரோ ஒருவரின் மேசை இழுப்பறையில்தான் கிடக்கும்.